அரைப்பேர்

காலை ஏழு மணி பத்து நிமிடத்துக்குச் செய்தி வந்தபோது சுருளியம்மாள் பேத்தியைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தாள். எலப்புள்ளியில் மகள் நர்மதாவின் வீட்டுக் கொல்லைப்புறம். இரண்டு காலையும் நீட்டி உட்கார்ந்து, இருபத்தெட்டு நாள் குழந்தையைக் காலின் மேல் குப்புறப் போட்டு, முதுகில் வெந்நீர் ஊற்றிக்கொண்டிருந்தாள். நர்மதா போனைக் கையில் பிடித்தபடி வாசற்படியில் வந்து நின்றாள். முகத்தில் பாதிச் சிரிப்பு இருந்தது.

“அம்மா, நீ செத்துப் போயிட்டியாம்.”

“எந்த எடுபட்டவ சொன்னா?”

“ஆனைக்கரையில என்கூடப் படிச்சாளே, அவதான். என்னைப் பேசவே விடல, ஒரே அழுகை. ராத்திரி மலை இடிஞ்சு கீழ் டிவிசன் லயம் பூராவும் போயிருச்சாம். காணாமப் போனவங்க லிஸ்ட்டுல உன் பேரும் இருக்காம். எங்கம்மா இங்க உக்காந்து புள்ளை குளிப்பாட்டுதுடின்னா நம்பவே மாட்டேங்கிறா…”

சொல்லிக்கொண்டு வரும்போதே சிரிப்பு நின்றுவிட்டது. ‘லயம் பூராவும்’ என்று தன் வாய் சொன்னது அப்போதுதான் அவள் காதில் விழுந்தது.

சுருளியம்மாள் செம்பைக் கீழே வைக்கவில்லை. “என் பேர்ல அங்க இருந்தது நானா?” என்றாள்.

பிறகு மிச்சமிருந்த வெந்நீரை ஊற்றினாள். குழந்தையின் காதுமடலுக்குப் பின்னால் துடைத்தாள். துண்டில் சுற்றி மகளிடம் நீட்டினாள். கை தன் வேலையை ஒழுங்காக முடித்துவிட்டது.

அந்தப் பேரில் அங்கே இருந்தவள் சின்னத்தாய்.

சக்குபள்ளத்திலிருந்து ஜீப் மட்டும் ஏறுகிற பாதையில் மேலே போனால் கொக்கரமலை ஏலத்தோட்டம். அங்கே ‘பேர்’ என்ற சொல்லுக்கு இரண்டு அர்த்தம் உண்டு. ஒன்று ஊரில் எல்லாருக்கும் தெரிந்தது. மற்றது ஒரு நாள் வேலை. காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக் களத்து மரத்தில் தொங்கும் தண்டவாளத் துண்டைத் தட்டியதும் ஆட்கள் வரிசையில் நிற்பார்கள். சூப்பர்வைசர் தவசி நோட்டைப் பார்த்து ஒவ்வொரு பேராகக் கூப்பிடுவார். ‘இருக்கேன்’ என்று சொன்னால் பேர் விழும். சாயங்காலம்வரை காய் எடுத்தால் முழுப்பேர். மழை பிடித்து மத்தியானத்தோடு நிறுத்திவிட்டால் அரைப்பேர்.

சுருளியம்மாள் அந்த வரிசையில் முப்பத்தோரு வருசம் நின்றவள். புருசன் போன பிறகு மகளை வளர்த்ததும் அந்தப் பேரை வைத்துத்தான். மகள் கஞ்சிக்கோட்டுக் கம்பெனி ஒன்றுக்கு வேலைக்குப் போய், அங்கே கூட வேலை பார்த்த அருள்குமாரைக் கட்டிக்கொண்டு எலப்புள்ளியில் குடியேறிவிட, தோட்டத்து வரிசை வீடான லயத்தில் தனியாளாக இருந்தாள்.

சின்னத்தாய் ஜீப் ஆள். விடியும் முன்னே கம்பம் பக்கத்திலிருந்து ஒரு ஜீப்பில் பதினைந்து பேராக நெருக்கிக்கொண்டு எல்லை தாண்டி வந்து, சாயங்காலம் அதே ஜீப்பில் திரும்பும் பெண்களில் ஒருத்தி. ஒரு நாள் ஜீப் போன பிறகும் அவள் சுருளியம்மாள் வீட்டு வாசலில் உட்கார்ந்திருந்தாள்.

“ஜீப் போயிருச்சே தாயி.”

“போகட்டும்க்கா.”

“வீட்டுல தேட மாட்டாகளா?”

“தேடுற வீடா இருந்தா நான் ஏன் இங்க உக்காந்திருக்கேன்?”

அதற்கு மேல் சுருளியம்மாள் கேட்கவில்லை. இரண்டு வருசம் ஒரே அடுப்பில் சோறு பொங்கித் தின்றார்கள். எந்த ஊர், யார் பெண்டாட்டி, எதற்காக வந்தாள் என்று அவளும் சொல்லவில்லை, இவளும் கேட்கவில்லை. ரேசன் அட்டை, ரசீது என்று கையில் ஒரு துண்டுக் காகிதம்கூடக் கிடையாது. அதனால் தோட்டத்து நோட்டிலும் அவளுக்குப் பேர் கிடையாது. ஆள் குறைகிற நாளில் மட்டும் கூப்பிடுவார்கள். குளிர் தாங்க மாட்டாள். எவனோ போட்டு விட்ட ஆம்பிளை ஸ்வெட்டரை மாட்டிக்கொண்டு, காலில் அட்டை ஏறினால் அலறாமல், “வாடா மாப்ளே, பசிக்குதா?” என்று கேட்டுவிட்டு நிதானமாகப் பிடுங்கி எறிவாள். காய் எடுக்கும் பெண்கள் எல்லாரும் அட்டையை மாப்பிள்ளை என்று சொல்ல ஆரம்பித்தது அவளால்தான்.

நர்மதாவுக்குப் பிரசவ மாதம் நெருங்கியது. மூன்று மாதம் பெரட்டுக்கு வராவிட்டால் நோட்டில் பேரை அடித்துவிடுவார்கள். சுருளியம்மாளுக்கு ஓய்வுக்கு இன்னும் ஒன்றரை வருசம்தான் இருந்தது. தவசி சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுச் சொன்னார்: “உன் பேருக்கு ஒரு ஆள் நின்னாச் சரி. யாரு கை எடுக்குதுன்னு காய்க்குத் தெரியவா போகுது?”

சின்னத்தாய் நின்றாள். முதல் நாள் தவசி மூன்று தடவை “சுருளியம்மா” என்று கூப்பிட்டும் அவள் வாயைத் திறக்காமல் வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தாளாம். பக்கத்தில் நின்ற பெரியம்மாள் தொடையில் கிள்ளிய பிறகுதான் “அய்யய்யோ, நானா? இருக்கேன், இருக்கேன்” என்றாளாம். அதை அவளே போனில் சொல்லிச் சிரித்தாள்.

“பேரைப் பத்திரமா வச்சுக்க தாயி” என்றாள் சுருளியம்மாள்.

“ஒரு கீறல் விழாமத் திருப்பிக் குடுத்துர்றேன்க்கா.”

கடைசியாகப் பேசியது முந்தின நாள் சாயங்காலம். “இங்க ஒரே மழைக்கா. மத்தியானத்தோட நிறுத்திட்டாக. இன்னைக்கு உனக்கு அரைப்பேர்தான்.” அதுதான் அவள் சொன்ன கடைசி வார்த்தை.

செய்தி வந்த மறுநாள் மத்தியானம் அருள்குமார் மாமியாரைக் கூட்டிக்கொண்டு மலைக்குப் போய்ச் சேர்ந்தான். மிஞ்சியவர்களைப் பள்ளிக்கூடத்தில் வைத்திருந்தார்கள். சுருளியம்மாளைப் பார்த்ததும் பெரியம்மாள் “ஆத்தே!” என்று அலறி, ஓடிவந்து கன்னத்தைத் தடவினாள். “கால் தரையில இருக்கா பாருங்கடி” என்று யாரோ சொல்ல, அந்த நிலையிலும் இரண்டு பேர் குனிந்து பார்த்தார்கள்.

சுருளியம்மாள் வாயைத் திறக்கும் முன்னே தவசி அவளைச் சமையல் கொட்டகைக்குப் பின்னால் கூட்டிக்கொண்டு போனார். அவருடைய அண்ணன் குடும்பம் மொத்தமும் அந்த மண்ணுக்குள் இருந்தது. இரண்டு நாளாகச் சாப்பிடாத முகம்.

“சுருளி, ஒண்ணும் சொல்லிராத. லீவுன்னு மட்டும் சொல்லு, நோட்டை நான் பாத்துக்குறேன். ஆள் மாத்தி நிக்க விட்டேன்னு தெரிஞ்சா என்னைத் தூக்கிருவான். உன் சர்வீசும் போயிரும். அவளுக்குன்னு யாரு வந்து கேக்கப் போறா?”

அதிகாரி மேசையில் சுருளியம்மாள் சொன்னாள்: லீவில் போயிருந்தேன். வீடு பூட்டிக் கிடந்தது. எழுதிக்கொண்டு கையெழுத்து வாங்கினார்கள். இப்படி எழுதிக் கொடுப்பதற்கு மலையாளத்தில் ‘மொழி’ என்று பெயர். லயத்திலும் அப்படித்தான் சொல்வார்கள். அவள் மொழி கொடுத்து முடித்ததும் அதிகாரி சிவப்புப் பேனாவால் அவள் பேரின் மேல் ஒரு கோடு இழுத்தார். இருபத்துமூன்று பேர் இருபத்திரண்டு பேர் ஆனார்கள். அன்றைய துக்கத்துக்கு நடுவில் ஒரு நல்ல செய்தி என்று டிவிக்காரர்கள் அவளைப் படம் பிடித்தார்கள்.

அந்தக் கோட்டின் அர்த்தம் அவளுக்குப் பதினோராம் நாள்தான் புரிந்தது. அன்றைக்கு இருபத்திரண்டாவது உடம்பு கிடைத்தது. லிஸ்ட் முடிந்தது. தேடுவதை நிறுத்தி மண் அள்ளும் இயந்திரங்களை லாரியில் ஏற்றினார்கள். சுருளியம்மாள் ரோட்டோரம் நின்று, இயந்திரங்கள் ஒவ்வொன்றாகக் கீழே இறங்கிப் போவதைப் பார்த்தாள். சத்தம் போட்டு நிறுத்தியிருக்கலாம். தவசி எதிர்ப்பக்கம் நின்றிருந்தார். இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளவில்லை.

லயம் இருந்த சரிவில் பாறையும் செம்மண்ணும்தான் மிச்சம். தப்பியது பெரட்டுக் களத்து மரமும் அதில் தொங்கிய தண்டவாளத் துண்டும். மழை ஓய்ந்ததும் ஆட்கள் அங்கே வர ஆரம்பித்தார்கள். முதலில் யாரோ ஒரு ஜோடி சின்னச் செருப்பை மரத்தடியில் வைத்தார்கள். பிறகு ஒரு டிபன் பாக்ஸ். பிறகு பூ, ஊதுவத்தி, கண்ணாடி போட்ட படங்கள். மூன்றாம் மாதம் கட்சிக்காரர்கள் பிளெக்ஸ் கட்டினார்கள். குமுளிக்குச் சுற்றுலா வந்தவர்களை ஜீப்காரர்கள் இங்கேயும் ஏற்றி வந்தார்கள். இறங்கும்போது சத்தமாகப் பேசிக்கொண்டு இறங்குவார்கள். தண்டவாளத் துண்டைப் பார்த்ததும் ஏனோ குரலைத் தாழ்த்திக்கொள்வார்கள். சில பேர் அதைத் தட்டிப் பார்ப்பதுண்டு. கீழே புதுக் குடியிருப்பில் காப்பி குடித்துக்கொண்டிருக்கும் பெண்கள் அந்தச் சத்தத்துக்கு அறியாமல் எழுந்து நிற்பார்கள். பிறகு மெல்ல உட்காருவார்கள்.

சுருளியம்மாள் வாரம் ஒருதரம் போய் மரத்தடியைக் கூட்டினாள். எல்லாருக்கும் படம் இருந்தது. சின்னத்தாய்க்கு இல்லை, இரண்டு வருசத்தில் ஒரு போட்டோகூட எடுக்கவில்லை. படங்களுக்கெல்லாம் பூ வைத்த பிறகு கடைசிப் பூவை வெறும் தரையில் வைப்பாள்.

“அது யாருக்கு மதினி?” என்று பெரியம்மாள் ஒருநாள் கேட்டாள். தெரிந்துதான் கேட்டாள்.

“மாப்பிள்ளைக்கு” என்றாள் சுருளியம்மாள். இருவரும் கொஞ்ச நேரம் சிரித்தார்கள். பிறகு பெரியம்மாள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள்.

வருசம் திரும்பியது. பஞ்சாயத்து பந்தல் போட்டது. பெரட்டுக் களத்திலேயே நினைவிடம் கட்டுவதாகவும், பேர் வெட்டிய கல் வைப்பதாகவும் வார்டு மெம்பர் ஜிஜி மைக்கில் சொன்னாள். ஜிஜி மலையாளி, சின்ன வயசிலிருந்து லயத்துப் பிள்ளைகளோடு படித்ததால் தமிழ் பேசுவாள். கல்லில் தலைப்பு மலையாளத்தில் இருந்தாலும் பேர்கள் தமிழில் இருக்க வேண்டும் என்று பெரியம்மாள் எழுந்து நின்று கேட்டு வாங்கினாள். இறந்தவர்களின் பேரைப் படிக்கத் தவசியைக் கூப்பிட்டார்கள். எல்லாரையும் அறிந்தவர் அவர்தானே.

தவசி வழக்கமாக நிற்கும் இடத்தில் போய் நின்றார். கையில் காகிதம் இருந்தது. ஆனால் முதல் பேரைச் சொன்னதும் குரல் பெரட்டுக் குரலாக மாறிவிட்டது. அந்தப் பேருக்கு உரியவனின் பெண்டாட்டி கூட்டத்திலிருந்து மெல்ல “இருக்கேன்” என்றாள். யாரும் சொல்லிக்கொடுத்ததில்லை. அடுத்த பேருக்கு ஒரு மகன் “இருக்கேன்” என்றான். அதற்குப் பிறகு தவசி காகிதத்தைப் பார்க்கவில்லை. முப்பது வருசப் பழக்கத்தில் நோட்டு வரிசை தானாக வந்தது.

“சுப்புத்தாயி.”

“இருக்கேன்.”

“சுருளியம்மா.”

“இருக்கேன்” என்றாள் சுருளியம்மாள்.

கூட்டத்தில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். தவசி கண்ணாடியைக் கழற்றினார். “தப்பு… தப்பு வந்துருச்சு” என்றார். அடுத்த பேர் அவருக்கு வரவில்லை. ஜிஜி ஓடிப்போய்க் காகிதத்தை வாங்கி மீதியைப் படித்தாள்.

கூட்டம் கலைந்த பிறகு ஜிஜி அவள் தோளைத் தட்டி, “சேச்சி, இறந்தவங்க கூட்டத்துல போய் எதுக்கு பேர் கொடுத்தது?” என்று கேலி செய்தாள். சுருளியம்மாள் சிரித்து மழுப்பினாள். போன வருசம் அந்த இடத்தில், அந்தப் பேருக்குக் கடைசியாக ‘இருக்கேன்’ என்று சொன்னது வேறொரு வாய். இன்றைக்கு அதையும் தான் பிடுங்கிக்கொண்டதாக அவளுக்குத் தோன்றியது.

கல்லைக் கஞ்சிக்கோட்டில் ஒரு பட்டறைக்குச் சொல்லியிருப்பதாகக் கேள்விப்பட்டாள். பேத்திக்குக் காது குத்த எலப்புள்ளிக்குப் போனபோது, அருள்குமாரின் வண்டியில் ஏறி அந்தப் பட்டறைக்குப் போனாள். எழுத்து வெட்டுகிறவர் பெயர் ஈஸ்வரமூர்த்தி, ஐம்பது வயதிருக்கும். புருவமெல்லாம் கல்தூசி.

“ஏனுங்கம்மா, ஆரைப் பாக்கோணும்?”

“கல்லைப் பாக்கணும். கொக்கரமலைக் கல்லு.”

கருங்கல் பலகை சாய்த்து வைக்கப்பட்டிருந்தது. பதினொன்று பதினொன்றாக இரண்டு வரிசைப் பேர்கள், பாதி வெட்டியும் பாதி கோடு போட்டும் இருந்தன. சுருளியம்மாள் ஒவ்வொரு பேரையும் விரலால் தடவிக்கொண்டு வந்தாள். எல்லாரும் இருந்தார்கள்.

“இன்னும் ஒரு பேர் வரணும்யா.”

“லிஸ்ட்டுல இருவத்திரண்டுதானுங்களே.” ஈஸ்வரமூர்த்தி காகிதத்தை எடுத்துவந்து காட்டினார். “ஒண்ணு அடிச்சிருக்குதுங்க. சுருளியம்மாள். அந்தப் பேருங்களா?”

“அது நான்.”

அவர் காகிதத்தைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். மோர் கொண்டுவந்த அவர் மனைவி மயிலாத்தாள் பாதி வழியில் நின்றுவிட்டாள். “அட என்ற சாமி! வெட்டறதுக்கு முன்னால வந்தீங்க. வெட்டுன பொறவு வந்திருந்தா கல்லை அழிக்க முடியாதுங்க, உங்களைத்தான் அழிக்கோணும்.”

சுருளியம்மாளுக்குச் சிரிப்பு வந்தது. சிரிப்போடு மற்றதும் வந்துவிட்டது. ஜீப், ஸ்வெட்டர், பேர் மாற்றியது, மொழி கொடுத்தது, திரும்பிப்போன இயந்திரங்கள் என்று எல்லாவற்றையும், வெளியில் முதல்தடவையாக, முன்பின் தெரியாத இரண்டு பேரிடம் சொல்லி முடித்தாள். அருள்குமார் வண்டிச் சாவியைத் திருகிக்கொண்டு தலைகுனிந்து நின்றான்.

ஈஸ்வரமூர்த்தி புருவத்துத் தூசியைத் துடைத்துக்கொண்டார். பிறகு சொன்னார்: “பேப்பர்ல இல்லாத பேரை நான் வெட்டறதில்லீங்கம்மா. எங்கய்யன் காலத்துலருந்து அப்படித்தானுங்க. பேப்பர் கொண்டாங்க. எடம் நான் உட்டு வெக்கிறனுங்க.” சாக்பீஸ் எடுத்து, இரண்டு வரிசைக்கும் கீழே நடுவில் ஒரு கோடு போட்டார்.

மலைக்குத் திரும்பியதும் அவள் முதலில் போனது தவசி வீட்டுக்கு. “நாளைக்குப் பஞ்சாயத்துல சொல்லப்போறேன் அண்ணே. உங்களை மாட்டி விடணும்னு இல்ல. சொல்லாம என்னால இருக்க முடியல.” தவசி எழுந்து உள்ளே போய்விட்டார்.

மறுநாள் ஜிஜி எல்லாவற்றையும் கேட்டுவிட்டு நெற்றியைப் பிடித்துக்கொண்டாள். “அப்போ மொழி மாத்தணும் சேச்சி.”

“எனக்குத் தமிழ் ஒண்ணுதானம்மா தெரியும்.”

ஜிஜி கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தாள். “அந்த மொழி இல்ல. நீங்க கையொப்பம் போட்டுக் கொடுத்த மொழி. முன்னே சொன்னது பொய்ன்னு எழுதிக் கொடுக்கணும். கவர்மெண்ட் லிஸ்ட்டுல பேர் கேற நாள் பிடிக்கும், ஏறுமோன்னே தெரியாது. கல்லு நம்ம நினைவிடக் கமிட்டியோட கல்லு, அதுல வைக்கலாம். ஆனா உங்க சர்வீஸ்?”

“என் பேரை அவ கையிலதான் குடுத்துட்டு வந்தேன். அவ இன்னும் திருப்பிக் குடுக்கல. அவகிட்டயே இருக்கட்டும்.”

கையெழுத்துப் போட்டு நிமிர்ந்தபோது வாசலில் தவசி நின்றிருந்தார். வெள்ளைச் சட்டை போட்டு, தலை வாரி வந்திருந்தார். “நானும் போடணும் மெம்பரே” என்றார். “தினம் கூப்பிட்ட வாய் என்னோடதுதான.”

தோட்டத்திலிருந்து இரண்டு பேருக்கும் காகிதம் வந்தது. விசாரணை முடிகிறவரை சுருளியம்மாளின் பேர் நிறுத்தி வைக்கப்பட்டிருக்கிறது. இப்போது பெரட்டில் அவள் பேரைக் கூப்பிடுவதில்லை.

கமிட்டிக் கடிதம் கஞ்சிக்கோடு போய்ச் சேரும் முன் கல் லாரியில் ஏறிவிட்டது. அதனால் ஐப்பசியில் ஈஸ்வரமூர்த்தியே உளியும் சுத்தியலுமாக மலைக்கு வந்தார். கல்லை நிறுத்தி, கடைசி வரியை அங்கேயே உட்கார்ந்து வெட்டினார்.

“எப்படிங்கம்மா எழுதோணும்?”

“சின்னத்தாய். தாய்னு முடியணும். ‘ய்’ விட்டுராதீங்க.”

மத்தியானத்துக்குள் ஆறு எழுத்தையும் வெட்டி முடித்தார். மற்றப் பேர்களுக்குப் பட்டறையிலேயே மஞ்சள் சாயம் விட்டிருந்தது. இதற்கு விட முடியவில்லை, கல் ஈரம். பஸ்ஸுக்கு நேரமாகிவிட, சாய டப்பாவையும் மெல்லிய பிரஷ்ஷையும் அவளிடம் கொடுத்தார். “நல்ல வெயிலா ஒரு நாள் பாத்து நீங்களே உட்டுருங்க. ஈரத்துல புடிக்காதுங்க.” கிளம்பும் முன் தண்டவாளத் துண்டைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

ஐப்பசி முழுக்க வெயில் இல்லை. கார்த்திகையில் ஒரு நாள் காலை மலை தெளிந்தது. சுருளியம்மாள் டப்பாவோடு போய்க் கல்லை முந்தானையால் துடைத்தாள். கடைசி வரி அடியில் இருந்ததால் குனிய முடியவில்லை. இரண்டு காலையும் நீட்டி, கல்லுக்கு நெருக்கமாக உட்கார்ந்துகொண்டாள். சுற்றுலா வந்த ஒரு குடும்பம் மரத்தடியில் நின்றது. அந்த வீட்டுச் சிறுமி மேலிருந்து பேர்களை எழுத்துக்கூட்டி வாசித்துக்கொண்டு வந்தாள். சுருளியம்மாள் ஒவ்வொரு எழுத்தாக மெதுவாகச் சாயம் விட்டு, வெளியே வழிந்ததை நகத்தால் வழித்தாள். கணுக்காலில் என்னவோ ஊர்ந்தது. பார்க்காமலே, “வாடா மாப்ளே” என்றாள்.

சரிவின் மேலிருந்து மஞ்சுமூட்டம் இறங்கியது. முதல் துளி கல்லில் விழுந்தது. டப்பாவை மூடிவிட்டு, விட்ட சாயம் காயும்வரை அந்த எழுத்துகளுக்கு மேல் குடையைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

மூன்று எழுத்து முடிந்திருக்கிறது. ‘த்தாய்’ என்பதற்கு இன்னும் சாயம் விடவில்லை.